இடையில் யாரும் இல்லாத கார்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வேணுகோபால் வீட்டு வாசலில் ஒரு பலகை உண்டு. 'தறியிலிருந்து நேரடி. இடையில் யாரும் இல்லை.' இந்தப் பலகையைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் அந்தத் தெருவுக்கு வந்து சேர வேண்டும். வெளியூர்க்காரர் எவரும் தானாக அங்கே வந்து சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பேருந்து நிலையத்திலும் கோயில் வாசல்களிலும் அவர்களைப் பிடித்து, 'வாங்கம்மா, தறி பாக்கலாம், சும்மா பாத்துட்டு வந்துடலாம்' என்று ஆட்டோவில் ஏற்றி, அந்தப் பலகைக்குக் கீழே கொண்டுவந்து இறக்குகிறவர் ஜான்சன். முசரவாக்கத்துக்காரர். இறங்கியவர்கள் 'இடையில் யாரும் இல்லை' என்பதைப் படித்துப் பரவசப்பட்டு உள்ளே போவார்கள். ஜான்சன் வெளியே ஆட்டோவில் சாய்ந்துகொண்டு, இடையில் இல்லாமல் இருப்பார்.

புடவை விற்றால் ஜான்சனுக்கு உரியது ஜான்சனுக்குப் போய்விடும். அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. பாவுக்கும் ஊடைக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூன்றாவது இழையாக அது புடவைக்குள்ளேயே ஓடும்.

இதில் வேணுகோபாலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஊர் முழுக்க இதே பலகைதான். காந்தி ரோட்டில் நான்கு மாடியும் லிஃப்டும் வைத்திருக்கிற பரமசிவம் கடையிலும் 'நேரடி உற்பத்தியாளர்' என்று விளக்கெழுத்து எரிகிறது. அவர் நேரடியாக உற்பத்தி செய்வது அந்த வெளிச்சத்தை மட்டும்தான். தரைத்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தறி நிற்கிறது. அதிலிருக்கும் பாதிப் புடவை கடை திறந்த நாளிலிருந்து பாதியாகவே இருக்கிறது. வாடிக்கையாளர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே பலகை வைத்தது வேணுகோபாலின் தவறல்ல. பலகையை அவரே நம்ப ஆரம்பித்ததுதான் தவறு.

அந்த நம்பிக்கையோடு அவர் பட்டு உற்பத்தியாளர் நலச் சங்கத்தின் தலைவர் தேர்தலில் இறங்கினார். தலைவருக்குக் கார் கிடையாது, அலுவலக அறையில் மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாது. ஆனால் குமரகோட்டத்தில் சங்கத்தின் உபயம் நடக்கிற நாளில் முருகன் சன்னிதியில் தலைவருக்குத்தான் பரிவட்டம் கட்டுவார்கள். வேணுகோபாலின் கண் அதில் இருந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் துண்டைத் தலையில் கட்டி அவர் ஒத்திகை பார்த்ததை அவருடைய மனைவி தில்லையம்மாள் பார்த்துவிட்டார். அதை நாத்தனாரிடம் மட்டும்தான் சொன்னார். ஆகவே தெருவுக்கு மட்டும்தான் தெரியும்.

தேர்தலுக்கு வேணுகோபால் கண்டுபிடித்த முழக்கம், 'புரோக்கர் ஒழிப்பு.' எதிரில் நின்றவர் பரமசிவம்.

அறிமுகக் கூட்டத்தில் வேணுகோபால் முக்கால் மணி நேரம் பேசினார். இடைத்தரகர் என்பவன் பட்டுப்பூச்சிக்குப் பிறக்காத புழு என்றார். யாருக்கும் புரியவில்லை என்றாலும் கைதட்டினார்கள். முடிந்ததும் பரமசிவம் மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"வேணு, கார் வாங்கப் போறியாமே."

"ஆமா. வாங்கக் கூடாதா?"

"தாராளமா வாங்கு. எந்த ஷோரூம்ல?"

கூட்டத்தில் பின்வரிசை சிரித்தது. பின்வரிசைக்கு எப்போதும் முன்வரிசையைவிடச் சீக்கிரம் புரியும்.

"ஷோரூம்காரன் யாரு?" என்றார் பரமசிவம். "கம்பெனிக்கும் உனக்கும் நடுவுல குந்திக்கினு இருக்கற புரோக்கர்தான? ஏசி போட்டுக்கினு டை கட்டியிருக்கான், அவ்ளோதான். ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமாப்பா?"

வேணுகோபால் யோசித்திருக்கலாம். ஆனால் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்; கையில் மைக் இருந்தால் யோசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"நான் ஷோரூம்ல வாங்கறேன்னு எவன் சொன்னான்? கம்பெனியிலயே நேரா வாங்குவேன். கம்பெனி சாவி என் வூட்டு வாசலுக்கு வரும். நடுவுல ஒரு புரோக்கர் கை அந்தச் சாவி மேல பட்டுச்சுன்னா, நான் தலைவருக்கு நிக்கல. இது குமரகோட்டத்து முருகன் மேல சத்தியம்."

முருகனை இழுத்ததில்தான் விஷயம் பெரிதாகிவிட்டது. சங்கத்தில் தீர்மானங்களை மாற்றலாம், மாற்றித்தான் பழக்கம். முருகனை மாற்ற முடியாது. தறிகள் தன் பேரில் இருப்பதால் தானும் சங்க உறுப்பினராகப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தில்லையம்மாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பக்கத்திலிருந்தவர் நினைத்தார்.

மறுநாளே வேணுகோபால் ஒரகடத்துக்குக் கிளம்பினார். பக்கத்திலேயே காரைச் செய்கிறான், அங்கே போய் வாங்காமல் ஊரைச் சுற்றி ஏன் வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தன் வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் வருகிறார்கள். தறியில் ஓடிக்கொண்டிருக்கிற புடவையைப் பார்க்கிறார்கள். பிடித்திருந்தால் முடிந்ததும் எடுத்துக்கொள்கிறார்கள். காருக்கு மட்டும் வேறு சாஸ்திரமா? ஸ்கூட்டர் அன்றைக்குக் கிளம்ப மறுத்ததால் ஜான்சனின் ஆட்டோவில் போனார். புரோக்கரை ஒழிக்கப் புறப்பட்டவரை புரோக்கரே ஓட்டிக்கொண்டு போனார்.

தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றவர் தர்மன், ஓரிக்கைக்காரர். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

"என்னா லோடு சார்?"

"லோடு இல்லப்பா. கார் வாங்க வந்திருக்கேன்."

தர்மன் ஜான்சனைப் பார்த்தார். ஜான்சன் வானத்தைப் பார்த்தார்.

"யாரப் பாக்கணும்?"

"யாரு செய்றாங்களோ அவங்கள."

"உள்ள ஊரே செய்யுது சார். ஒருத்தன் கதவ மாட்டுவான், ஒருத்தன் கண்ணாடி வெப்பான்."

"அதெல்லாம் என்கிட்டயே சொல்லாத. எங்க தொழில்லயும் ஒருத்தர் சாயம் போடறாரு, ஒருத்தர் பாவு சேக்கறாரு. கடைசியா தறியில குந்தி முடிக்கறவர்னு ஒருத்தர் இருப்பாரு இல்ல, அவரக் கூப்பிடு. முடிஞ்சதுல நல்லதா ஒண்ணு அறுத்துக் கொடுக்கச் சொல்லு."

"அறுத்தா?" தர்மனின் கை மெதுவாக வாக்கிடாக்கியிடம் போனது.

"அது ஒண்ணும் இல்லப்பா," என்று ஜான்சன் குறுக்கே வந்தார். "நெய்ஞ்சு முடிச்ச புடவைய தறியிலேர்ந்து அறுத்துதான் எடுப்பாங்க. மொதலாளி அந்தப் பழக்கத்துல சொல்றாரு. உங்க கார ஒண்ணும் பண்ண மாட்டாரு."

தர்மனுக்கு இரக்கம் வந்துவிட்டது. "சார், நானும் கார் வாங்கப் போறேன். இந்த கேட்ல தினமும் நிக்கறவன்தான். எனக்கே இங்க தர மாட்டாங்க. என் கண்ணு முன்னாடி லாரியில ஏத்தி ஷோரூமுக்கு அனுப்புவாங்க. நான் அங்க போயி வாங்கி, ஓட்டிக்கினு மறுபடியும் இதே கேட்டுக்கு டூட்டிக்கு வரணும்."

"இது அநியாயம்னு உனக்குத் தோணலயா?"

"தோணுது சார். ஆனா வண்டி ரிப்பேர் ஆனா நான் யாரப் போயிக் கேக்கறது? இந்த கேட்லயா? இங்க நாந்தான் நிப்பேன்."

திரும்பி வரும்போது வாலாஜாபாத் தாண்டியதும் ஜான்சன் பேச்சை ஆரம்பித்தார்.

"மொதலாளி, பேட்டரி கார் ஒண்ணு வந்திருக்குது. வடக்க எங்கயோ பண்றான். அதுக்கு ஷோரூமே கிடையாதாம். போன்லயே புக் பண்ணணும், வூட்டுக்கே வந்து தருவாங்களாம். நேத்து என் வண்டியில வந்த ஒரு சார் சொன்னாரு. நான்கூட அதுல ஒரு..."

"ஷோரூமே கிடையாதா?"

"கிடையாது. நான்கூட அவங்க கிட்ட..."

"ஜான்சன், நிறுத்து. எனக்கு ஒரு யோசனை வந்திருக்குது," என்றார் வேணுகோபால். "பேட்டரி கார் வாங்கலாம். ஷோரூம் இல்லாத கம்பெனியா பாத்து."

ஜான்சன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "நல்ல யோசனை மொதலாளி," என்றார்.

ஆனாலும் கார் என்பது எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது? அதற்காக வேணுகோபால் தில்லையம்மாளை அழைத்துக்கொண்டு செவிலிமேட்டில் இருக்கிற ஒரு ஷோரூமுக்குப் போனார். வாங்க அல்ல, பார்க்க. எஸ்தர் என்ற பெண் வரவேற்று, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, கார் காராகக் கதவைத் திறந்து காட்டினாள். வேணுகோபால் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினார். சிவப்பைக் காட்டச் சொன்னார். அது கண்ணைக் குத்துகிறது என்று நீலம் கேட்டார். நீலத்தில் கொஞ்சம் மயில்கழுத்து அடிக்கிற மாதிரி இருக்கிறதா என்றார். உடம்பு ஒரு நிறமும் ஓரம் வேறு நிறமுமாகக் கிடைக்குமா என்று விசாரித்தார். இருக்கை உறையின் ஓரத்தைப் பிரித்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். வாங்கத் தெரிந்தவர்கள் புடவையின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். காருக்கும் அதுவே விதி என்று அவர் வைத்துக்கொண்டார்.

"சார் பட்டு பிசினஸா?" என்றாள் எஸ்தர்.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"இது வரைக்கும் யாரும் பின்பக்கம் பாத்ததில்ல சார்."

வேணுகோபால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன்மா. கம்பெனி விலை ஒண்ணு இருக்குது. அதுக்கு மேல உங்களுக்குன்னு ஒண்ணு வெச்சிருப்பீங்க இல்ல?"

"இருக்குது சார்." அவள் மறைக்கவில்லை. "அதுக்குத்தான் நம்பர் வாங்கித் தர்றோம், இன்சூரன்ஸ் பாக்கறோம், சர்வீஸ் பண்றோம். உத்திரமேரூர் ரோட்ல மழையில வண்டி நின்னுடுச்சுன்னா எனக்கு போன் பண்ணலாம். திட்டலாம். திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும் இல்ல சார்?"

தில்லையம்மாளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. வேணுகோபால் எழுந்தார்.

"சரிம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"பரவால்ல சார். பாக்கறதுக்குத்தான வெச்சிருக்கோம்."

தில்லையம்மாளின் முகம் ஒரு கணம் மாறியது. வீட்டுக் கூடத்தில் பாய் முழுக்கப் புடவைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, 'சும்மா பாத்தோம்' என்று எழுந்து போகிறவர்களிடம் அவர் தினமும் சிரித்துக்கொண்டே சொல்கிற வாக்கியம் அது. சொல்கிறவர்களுக்குத்தான் அதன் பின்பக்கம் தெரியும்.

பேருந்தில் வரும்போது சொன்னார்: "ஏங்க, அந்தப் பொண்ணு கிட்டயே வாங்கிட்டா என்ன?"

"சத்தியம் பண்ணியிருக்கேன் தில்லை."

"முருகன் கேட்டாரா உங்கள சத்தியம் பண்ணச் சொல்லி?"

வேணுகோபால் ஜன்னல் வழியாகப் பாலாற்றைப் பார்த்தார். அதில் தண்ணீர் இல்லை.

போனில் கார் வாங்குவது எளிதாக இருக்கும் என்று நினைத்தவருக்கு ஒரு பெரிய இடி காத்திருந்தது. பேரம் பேச முடியவில்லை. ஒரு விலை போட்டிருந்தார்கள், அதோடு முடிந்தது. வேணுகோபால் வீட்டுக் கூடத்திலும் 'ஒரே விலை' என்று எழுதியிருக்கிறது, ஆனால் அது பேரத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று காட்டுவதற்காக. திரையில் 'உங்களுக்கு எப்படி உதவலாம்' என்று ஒரு கட்டம் திறந்ததும் ஆவலாக, 'கடைசி விலை சொல்லுங்க' என்று தட்டினார். விலையில் மாற்றம் இல்லை என்று பதில் வந்தது. 'நாங்க பரம்பரையா பிசினஸ் பண்றவங்க' என்று தட்டினார். மகிழ்ச்சி என்று பதில் வந்தது. 'சரி, போறேன்' என்று தட்டிவிட்டு, கூப்பிடுவார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கதவு வரை போய்த் திரும்பிப் பார்க்கிறவரை அழைக்கத் தெரியாதவன் என்ன வியாபாரி என்று அவருக்கு ஆறவே இல்லை.

"மனுசன் இருந்தாதான் பேரம்," என்றார் தில்லையம்மாள், நூல் கண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே. "ஆள் வேணாம்னு நீங்கதான சொன்னீங்க."

பெண்கள் பேரில் வாங்கினால் கடனுக்கு வட்டி சற்றுக் குறையும் என்று வங்கியில் சொன்னதால், வண்டி தில்லையம்மாள் பேரில் பதிவானது. வெள்ளைக் கார். மயில்கழுத்து இல்லை.

கார் வருகிற தேதி சங்கத்தின் பொதுக்குழுவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. வேணுகோபால் அதை முருகனின் ஏற்பாடு என்று எல்லோரிடமும் சொன்னார். வாசலில் பந்தல் போட்டார். சங்க உறுப்பினர்களை அழைத்தார், பரமசிவத்தை நேரில் போய் அழைத்தார். கம்பெனியிலிருந்து யார் வருவார்கள் என்று கேட்டவர்களிடம், "இன்ஜினியர் வருவாரு. அநேகமா இந்திக்காரரா இருப்பாரு," என்றார். இந்தியில் 'வாருங்கள், உட்காருங்கள்' மனப்பாடம் செய்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்க ஜான்சன் ஆள் கூட்டிக்கொண்டு வரவில்லை. ஒரு நாள் மட்டும் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"மொதலாளி, சென்னையில டிரெய்னிங் போயிக்கினு இருக்கேன். உங்க கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"பொதுக்குழு முடியட்டும் ஜான்சன். இப்ப எதுவும் காதுல ஏறாது."

"அதுக்குள்ள சொன்னா நல்லது மொதலாளி."

"நீ நினைக்கறது எனக்குத் தெரியும்பா. நான் தலைவரானதும் உங்கள மாதிரி ஆளுங்க பொழப்பு போயிடும்னு பயப்படற. பயப்படாத. உனக்கு ஏதாவது செய்வேன்."

ஜான்சன் தில்லையம்மாளைப் பார்த்தார். "அண்ணி, நீங்களாச்சும்..."

"என்கிட்ட சொல்லிட்டுப் போ ஜான்சன்," என்று தில்லையம்மாள் அவரை வாசலுக்கு வெளியே அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புடவை விற்கிறவர் முகத்தில் எது தெரிய வேண்டும் என்பதை அவரேதான் முடிவு செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை தெரு நிறைந்திருந்தது. பரமசிவம் தன் பெரிய காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, அது எல்லோர் கண்ணிலும் படுகிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து வந்தார். வேணுகோபால் பட்டு வேட்டியில், மாலையும் கையுமாக நின்றார்.

காரை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்து நின்றது. வெள்ளைக் காரை இறக்கினார்கள். அதன் முன்கதவு திறந்தது. பளபளக்கும் பூட்ஸ் முதலில் இறங்கியது. அதற்கு மேல் மடிப்புக் கலையாத பேன்ட், அதற்கு மேல் கம்பெனி முத்திரை போட்ட பச்சைச் சட்டை, அதற்கும் மேல் ஜான்சன்.

"பைட்டியே," என்று ஆரம்பித்த வேணுகோபாலின் இந்தி பாதியில் நின்றது.

"வணக்கம் மொதலாளி," என்றார் ஜான்சன். "காஞ்சிபுரம் ஏரியாவுக்கு வண்டி டெலிவரி கொடுக்கறது நாந்தான். கம்பெனிக்கு ஊர்ல கடை இல்ல, ஆள் இல்ல. வூட்டுக்கு வழி தெரிஞ்சவன், வண்டி ஓட்டத் தெரிஞ்சவன், பேசத் தெரிஞ்சவன் வேணும்னாங்க. போயிக் கேட்டேன். மொத வண்டியே நம்ம வூட்டு வண்டி." பின் இருக்கையிலிருந்து ஒரு பையை எடுத்தார். "எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம், தேங்காய் எல்லாம் வாங்கியாந்துட்டேன். குமரகோட்டத்து ஐயர் கிட்டயும் சொல்லியாச்சு, பூசைக்கு ரெடியா இருக்காரு." பிறகு சாவியை வலது கையில் வைத்து, இடது கையால் முழங்கையைத் தொட்டு, முறைப்படி நீட்டினார்.

சாவி ஜான்சனின் உள்ளங்கையில் மின்னியது. அந்தக் கையை அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை.

பரமசிவம் நிதானமாகப் பந்தலுக்குள் வந்தார். "வேணு, இது கம்பெனி கையா, புரோக்கர் கையா?"

வேணுகோபால் ஜான்சனைப் பார்த்தார். "நீ இப்ப யாருப்பா?"

"ரெண்டும்தான் மொதலாளி," என்றார் ஜான்சன். குரலில் சங்கடமே இல்லை. "வண்டிக்கு இவ்ளோன்னு கம்பெனி எனக்குக் கொடுக்குது. அது உங்க விலைக்குள்ளதான் இருக்குது. நம்ம புடவையில இருக்கற மாதிரியே."

பின்வரிசையில் யாரோ தும்மினார்கள். அது தும்மல் இல்லை.

"அப்ப சத்தியம் போச்சு," என்றார் பரமசிவம், கூட்டத்தைப் பார்த்து. "நான் ஒண்ணும் சொல்லல. முருகன் இருக்காரு."

வேணுகோபாலின் கையிலிருந்த மாலை தாழ்ந்தது. சாவியை வாங்கினால் தலைவர் பதவி போயிற்று, பரிவட்டம் போயிற்று. வாங்காவிட்டால், சொந்தக் காரை வாசலில் நிறுத்திக்கொண்டு சாவிக்காகக் கை நீட்டத் துணியாதவர் என்று இந்த ஊர் அவரை அடுத்த தலைமுறை வரை பேசும். இரண்டையும் நிறுத்துப் பார்க்கிற அளவுக்கு அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. தில்லையம்மாள் பந்தலுக்குள் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஜான்சனின் கையிலிருந்து சாவியை எடுத்தார்.

"வண்டி என் பேர்ல. நான் யார் மேலயும் சத்தியம் பண்ணல."

"அது தப்பிக்கற வழிம்மா," என்றார் பரமசிவம்.

"தப்பிக்கவே இல்லண்ணே. சத்தியம் சத்தியம்தான். புரோக்கர் கை பட்டாச்சு. இவரு நிக்க மாட்டாரு." கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நிக்க மாட்டீங்க இல்ல?"

வேணுகோபால் தலையை ஆட்டினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார் தில்லையம்மாள். குரலை உயர்த்தவில்லை, புடவை விலை சொல்கிற அதே குரல். "ஜான்சன் கூட்டிக்கினு வராம இந்த வாரம் எங்க வூட்டுக்கு ஒரு ஆள் வரல. ஒருத்தர்கூட. பலகை இருக்குது, தறி இருக்குது, நாங்களும் இருக்கறோம். நேரடின்னா யாருக்கு நேரடி? ஜான்சனுக்குக் கொடுக்கறத நாம ஒளிச்சுக் கொடுக்கறோம். அந்த செவிலிமேட்டு ஷோரூம்ல ஒரு சின்னப் பொண்ணு, 'இருக்குது சார், இதுக்காகத்தான்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது. நமக்கு ஏன் அது சொல்ல வரல?"

"உங்க வூட்டுப் பழக்கத்த ஊர்ப் பழக்கம் ஆக்காத," என்றார் பரமசிவம். "எங்க கடைக்கு வர்றவங்க தானா வர்றவங்க."

ஜான்சன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அண்ணே, போன வெள்ளிக்கிழமை சேலத்துக் கல்யாணக் கூட்டம் ஒண்ணு உங்க கடைக்குத் தானா வந்துச்சு இல்ல? ரெண்டு வேன்ல? தானா வர்றதுக்கு அவங்களுக்கு வழி சொன்னது என் மச்சான். உங்க லிஃப்ட் பக்கத்துல நின்னு எவ்ளோ வாங்கிக்கினு போனான்னு சொல்லவா?"

"சொல்லாத," என்றார் பரமசிவம்.

அந்த ஒரு சொல்லில் தேர்தல் முடிந்துவிட்டது. பொதுக்குழு, வாக்குப்பெட்டி எல்லாம் பின்னால் நடந்த சடங்குகள். வேணுகோபால் மேடையேறி, நேரடி முறையின் மேன்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி, கடைசி வாக்கியத்தில் விலகினார். பின்வரிசை தில்லையம்மாளின் பெயரைச் சொன்னது, முன்வரிசை வழக்கம்போலத் தாமதமாகக் கைதட்டியது. பரமசிவம் உடல்நிலை சரியில்லை என்று வரவில்லை. தலைவரானதும் தில்லையம்மாள் போட்ட முதல் தீர்மானம்: ஆள் கூட்டி வருகிறவர்களுக்கு அட்டை, அவர்களுக்கு என்ன கொடுக்கிறோம் என்பது கடை வாசலில் எழுத்தில். எதிர்த்துப் பேச ஒருவர் எழுந்தார். அவர் கடை வாசலில் யார் ஆட்டோ நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்ததால் மீண்டும் உட்கார்ந்தார்.

கார் நன்றாகவே ஓடுகிறது. ஒரு தடவை மட்டும் உத்திரமேரூர் ரோட்டில் மழையில் நின்றுவிட்டது. வேணுகோபால் கம்பெனிக்குப் போன் செய்து, ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, இசை கேட்டு, கடைசியில் ஜான்சனைக் கூப்பிட்டார். ஜான்சன் வந்தார். வேணுகோபால் திட்டினார். மனசு லேசாயிற்று.

உபயத்து நாளன்று அந்தக் காரில்தான் குமரகோட்டத்துக்குப் போனார்கள். வேணுகோபால் ஓட்டினார். சன்னிதியில் குருக்கள் பரிவட்டத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு, "சங்கத் தலைவர் யாரு?" என்று கூப்பிட்டார். தில்லையம்மாள் முன்னால் போனார். வேணுகோபால் தூண் ஓரமாக நின்று, இதெல்லாம் தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்கிற முகத்தோடு மேல்விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அத என் கையில கொடுங்க," என்றார் தில்லையம்மாள். "இவருக்கு நான் கட்டறேன். துண்டு கட்டிப் பழகியிருக்காரு."

குருக்கள் தயங்கினார். தலைவரே சொல்லும்போது தயங்குவதற்கு அதிகம் இல்லை. பரிவட்டம் முருகன் காலடியிலிருந்து குருக்கள் கைக்கும், குருக்கள் கையிலிருந்து தில்லையம்மாள் கைக்கும், அங்கிருந்து வேணுகோபாலின் தலைக்கும் வந்தது. அவர் தலையைத் தேவைக்கு மேலேயே குனிந்து கொடுத்தார்.

ஜான்சன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவிலிருந்து சொன்னார்: "மொதலாளி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. அண்ணி மறைக்கறாங்க."

"மறைக்கட்டும்பா," என்றார் வேணுகோபால். "அவங்களையும் சேத்து எடு."